செம்புக் காசும் கவிஞர் வாக்கும்



பழங்கிரேக்க நாணயம் தொகுப்போர் பெரிதும் விழைவது ஏதென்சின் வெள்ளி ஆந்தைக் காசையே. செம்பின்மேல் வெள்ளி பூசிய ஆந்தையோ போலியென ஒதுக்கப்படுவதுண்டு. எனினும், ஒரு நகரின் துயரைச் சொல்வது அதுவே.

கி.மு. 413இல் ஸ்பார்ட்டாப் படை தெக்கெலேயாவில் அரண் அமைத்தது. ஏதென்சின் அடிமைகள் 20,000 பேருக்கு மேல் தப்பியோடினர்; லாரியன் வெள்ளிச் சுரங்கம் முடங்கியது. வெற்றித் தெய்வத்தின் பொற்சிலைகள் உருக்கப்பட்டுக் காசாயின. செம்பு வெள்ளிப் போர்வை பூண்டது.

கி.மு. 405இல் அரங்கேறிய 'தவளைகள்' நாடகத்தில் அரிஸ்டோபனீஸ் இடித்துரைத்தார்: நல்ல பழங்காசை விடுத்துச் செம்புக் காசைக் கையாளும் நகரம், மாந்தரிலும் சான்றோரை விடுத்துக் கீழோரையே கொள்கிறது. மறு ஆண்டே ஏதென்ஸ் பணிந்தது.

அவரது 'பெண்கள் பேரவை' நாடகத்தில் ஒருவன், திராட்சை விற்ற செம்புக் காசை வாய் நிறைய அடக்கிக்கொண்டு வாற்கோதுமை மாவு வாங்கச் செல்கிறான். பையை நீட்டும் வேளையில், செம்பு இனிச் செல்லாதென அறிவிப்போன் கூவுகிறான்.

அரசு காசை அடித்தது. அந்த வெறும் பையைக் காத்துவைத்தவர் கவிஞர். நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் நேர்மை என்றும் பொருளுண்டு. சொல்லை வழங்குவோர் அதனை மறவாதிருத்தல் வேண்டும்.