வியட்நாமின் மஞ்சள் தோசை

போன எபிசோட்ல வியட்நாம் பயணம் பத்திப் பேசினதும் பல பேர் கேட்டது ஒரே கேள்விதான்: அந்த மஞ்சள் தோசையை நம்ம வீட்டுல பண்ண முடியுமா?

முடியும். அதோட பேரு 'பான் ஸேவ்'. சூடான சட்டியில மாவு விழும்போது வர்ற சத்தம்தான் 'ஸேவ்'. நாம 'சுர்ர்'னு சொல்றோமே, அது. நிறத்தைப் பார்த்து முட்டைனு நினைக்காதீங்க, வெறும் மஞ்சள்தூள்.

200 கிராம் பச்சரிசி மாவு, 400 மில்லி தண்ணி, 100 மில்லி தேங்காய்ப்பால், அரை ஸ்பூன் மஞ்சள்தூள், உப்பு. புளிக்க வைக்க வேண்டாம், அரை மணி நேரம் ஊறட்டும். ரவா தோசை மாதிரி நீர்க்க இருக்கணும். சட்டியில இறாலை வதக்கி, அது மேலேயே மாவை ஊத்திச் சுழட்டுங்க. நீளமா வளர்ந்த பயறு முளை ஒரு கைப்பிடி போட்டு ஒரு நிமிஷம் மூடுங்க. பிறகு மூடியை எடுத்துட்டு ஓரம் மொறுமொறுன்னு எழும்புற வரைக்கும் காத்திருங்க. திருப்பாம மடிச்சிடுங்க.

பாதி ரெசிபி வீடியோக்கள் இங்கேயே முடிஞ்சிடுது. எனக்கு அதுல உடன்பாடே இல்ல. சைகோன்ல தோசைக்கு முன்னாடியே மேஜைக்கு வந்தது ஒரு குன்று இலை! லெட்யூஸ், கடுகுக்கீரை, புதினா, கூடவே நம்ம திருநீற்றுப்பச்சிலை வாசத்துல ஒரு துளசி. தோசையைப் பிய்ச்சு இலையில சுருட்டி, சாஸ்ல முக்கிச் சாப்பிடணும். சூடான மொறுமொறுப்பும் குளிர்ந்த பச்சையும் ஒரே கடியில வரணும். இலை இல்லாம சாப்பிட்டா அது எண்ணெய் தோசை, அவ்வளவுதான்.

சாஸுக்கு ஆதாரம் மீன் சாறு. நெத்திலியை உப்புல மாசக்கணக்கா புளிக்க வச்சு எடுக்கிறது. அது ஒரு பங்கு, சர்க்கரை ஒண்ணு, எலுமிச்சைச் சாறு ஒண்ணு, தண்ணி நாலு. பூண்டும் மிளகாயும் பொடியா நறுக்கிப் போடுங்க. பாட்டிலைத் திறந்தா வர்ற வாடைக்குப் பயப்படாதீங்க, கலந்ததும் அடங்கிடும்.

எங்க அம்மா சுத்த சைவம். வியட்நாம்லயே பௌத்தர்கள் காளான் வச்சு சைவமா பண்றாங்க, சாஸுக்கு சோயா. அம்மா இருக்கிற நாள்ல நானும் அதுதான். நல்லாவே இருக்கு, ஆனா அது வேற சாப்பாடு.

அம்மா அதுக்குத் தேங்காய்ச் சட்னியும் அரைச்சாங்க. அதைப் பத்தி இந்த ஷோவுல பேச வேண்டாம்.