வெள்ளைச் சேலையும் விளம்பரப் பலகையும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பழைய பேய்ப்படங்களைப் பற்றிப் பேசுக என்று செயலாளர் என்னைப் பணித்தார். ஆண்டு விழாவில் பேசுவதற்கு வேறு பொருளா கிடைக்கவில்லை என்று சிலர் முகஞ்சுளித்ததும் என் காதுக்கு எட்டியது. சுளிக்கட்டும். அறுபது ஆண்டுகளாக நான் பேய்ப்படங்களுக்கு அடிமை; முப்பது ஆண்டுகள் விளம்பரத்தால் வயிறு வளர்த்தவன். இவ்விரண்டையும் சேர்த்துப் பேசும் தகுதி, இந்த அவையில் எனக்கு மட்டுமே உண்டு என்று நினைக்கிறேன்.

1966-இல் ‘யார் நீ?’ வெளிவந்தது. 1964-இல் இந்தியில் வந்த ‘வோ கௌன் தீ?’ என்ற படத்தின் தமிழ் வடிவம் அது. ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்தனர். கும்பகோணத்தில் தரை டிக்கெட்டில் அமர்ந்து அதைப் பார்த்தபோது எனக்கு வயது பதினாறு. வெள்ளைச் சேலை உடுத்த பெண் தோன்றுவதும் மறைவதுமாக இருக்க, நான் அக்காவின் முந்தானையால் கண்ணை மூடிக் கொண்டேன். அக்காவோ அசையவில்லை. என் காதருகே குனிந்து, “பயப்படாதேடா, அவள் காலைப் பார். பேய்க்குக் கால் ஏது?” என்றாள். அவள் சொன்னதே சரியாயிற்று. நாயகனைப் பித்தனாக்கிச் சொத்தைப் பறிக்கச் சிலர் செய்த சூழ்ச்சியே அந்தப் பேய் என்பது கடைசியில் தெரிந்தது.

பிழைப்புத் தேடி 1972-இல் இந்நகருக்கு வந்தேன். இங்கே ஒரு திரைப்படக் கழகத்தின் காட்சியில் ‘மணிஹாரா’ பார்க்கும் பேறு வாய்த்தது. தாகூரின் நூற்றாண்டான 1961-இல் சத்யஜித் ராய் எடுத்த ‘தீன் கன்யா’வின் மூன்று கதைகளில் அது ஒன்று. வெளிநாடுகளுக்கு அப்படத்தை அனுப்பியபோது ‘மணிஹாரா’வை விட்டுவிட்டு இரண்டு கதைகளையே அனுப்பினார்கள். நல்ல பேயை இழந்தவர்கள் அவர்கள்தாம்!

அன்பர்களே, அந்தக் கதையில் வரும் மணிமாலிகைக்குக் கணவனைவிட நகையே உயிர். கணவனின் வணிகம் நொடிக்கிறது. நகையைக் கேட்டுவிடுவானோ என்று அஞ்சி அத்தனையையும் பூட்டிக் கொண்டு வெளியேறுகிறாள், திரும்பவில்லை. பிறகு ஓர் இரவு, அவளுக்கென்று அவன் வாங்கி வந்த நகைப்பெட்டியை நோக்கி, வளையல் அணிந்த ஓர் எலும்புக்கை நீள்கிறது. இரத்தமில்லை, கூச்சலில்லை, ஆயினும் அன்றிரவு விளக்கை அணைக்காமலே உறங்கினேன். இப்போதும் கரியாஹாட்டில் நகைக்கடைப் பலகைகளைக் காணும்போதெல்லாம், அதில் சிரிக்கும் மணப்பெண்ணின் முகத்தை விட்டுவிட்டு அவளுடைய கையைத்தான் என் கண் தேடும்.

இதை எடுத்த ராய் அவர்கள் யார்? 1943-இல் இதே நகரில் டி. ஜே. கீமர் என்னும் விளம்பர நிறுவனத்தில், திங்கள் எண்பது ரூபாய் ஊதியத்தில் ஓவியராகச் சேர்ந்தவர். 1955-இல் வெளிவந்த ‘பாதேர் பாஞ்சாலி’யையும் அந்த வேலையில் இருந்துகொண்டே எடுத்தார். ஆசையை எப்படி ஊட்டுவது என்பதை உள்ளிருந்து கற்றவர் அவர். பிற்பாடு 1971-இல் ‘சீமாபத்தா’ என்ற படத்தில், பதவி உயர்வுக்காக ஒரு விசிறிக் கம்பெனி அதிகாரி எவ்வளவு கீழிறங்குகிறான் என்பதையும் காட்டினார். அதில் பேய் இல்லை. ஆனால் என்னை நடுங்க வைத்தவற்றுள் அதுவும் ஒன்று.

நானும் ஒரு விளம்பர அலுவலகத்தில்தான் இருந்தேன். பெயர் வேண்டா. மேலிடத்திலிருந்து ஆங்கிலத்தில் வரும் வாசகங்களைத் தமிழாக்கி, நம் வார இதழ்களுக்கு அனுப்புவதே என் தொழில். ஒரு நாள் பாலில் கலக்கும் சத்துமாவுக்கு ஒரு விளம்பரம் வந்தது. ‘உங்கள் குழந்தை போதிய அளவு வளர்கிறதா?’ என்பதே ஆங்கில வாசகம். எனக்கு அது சப்பென்று இருந்தது. பேய்ப்பட ரசிகன் அல்லவா? ‘பிள்ளை வாடினால் பழி யாருக்கு?’ என்று எழுதினேன். மேலாளர் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

இத்தகைய வித்தைக்கு நான் முன்னோடியல்லன். அமெரிக்காவில் 1920-களில் லிஸ்டரின் நிறுவனத்தார் வாய்நாற்றத்துக்கு நோய்ப்பெயர் போன்ற ஒன்றைப் பரப்பி ஊரையே அஞ்ச வைத்தனர். இங்கிலாந்தில் 1930-களில் ஹார்லிக்ஸ் விளம்பரங்கள் ‘இரவுப் பட்டினி’ என்றொரு குறையைக் கண்டுபிடித்தன. உறங்கும்போதே உடல் பட்டினி கிடக்கிறதாம்! பேயை முதலில் உருவாக்க வேண்டும். தாயத்தைப் பிறகு விற்க வேண்டும்.

மூன்று திங்கள் கழித்து அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. “இதழில் ஒரு விளம்பரம் பார்த்தேன். அந்தப் பழி எனக்கு வேண்டாம் தம்பி. மாதம் ஒரு டப்பா வாங்குகிறேன். அதற்காக எனக்கும் அவருக்கும் பாலை நிறுத்திவிட்டேன். பிள்ளை குடிக்கிறான்” என்று எழுதியிருந்தாள். அந்த வாசகம் என்னுடையது என்பது அவளுக்குத் தெரியாது. பதில் எழுத உட்கார்ந்தேன். மழையைப் பற்றி எழுதினேன்.

பல்லாண்டுகள் கழித்து அக்கா இங்கு வந்து தங்கியபோதுதான் வாய் திறந்தேன். அவள் கோபிக்கவில்லை. நெடுநேரம் கழித்து, “அதற்குக் கால் தெரியவில்லையே” என்றாள். திரையில் ஆடிய பொய்யைப் பதினெட்டு வயதில் கண்டுகொண்டவள் அவள்!

2024 ஏப்ரலில், இத்தகைய பானங்களை ‘உடல்நல பானம்’ என்ற பிரிவில் வைத்து விற்க வேண்டா என்று மத்திய வணிக அமைச்சகம் இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு பிரிவே வரையறுக்கப்படவில்லை. செய்தியைப் படித்தபோது அக்கா இல்லை. அவள் மகன் இருக்கிறான். அவனும் நானும் ஒரே உயரம்.

உணவுக்குப் பின், இதே மண்டபத்தில் ‘மணிஹாரா’ திரையிடப்படும். குழந்தைகள் அஞ்சுவார்களே என்று தாய்மார்கள் கவலைப்பட வேண்டா. அவர்களை முன்வரிசையில் அமர்த்துங்கள். அஞ்சினால் விளக்கைப் போட நான் சுவிட்சின் அருகிலேயே நிற்கிறேன்.