படுக்கைப் புண் வராமல் காப்போம்



ஆஸ்பத்திரியில் கிடையாகக் கிடக்கிறவருக்கு மருந்து மட்டும் போதுமா? போதாது. ஒரே பக்கமாகக் கிடந்தால் எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே தோல் நசுங்கும். ரத்த ஓட்டம் தடைப்பட்டுச் சதை செத்துப்போகும். புண் எலும்புவரை போய்விட்டால் உயிருக்கே ஆபத்து.

முதுகின் அடிப்பக்கம், இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். கறுத்த மேனியில் சிவப்பு தெரியாது. சூடு, வீக்கம், இறுக்கம் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இருந்தால் தேய்க்காதீர்கள், நர்ஸம்மாவிடம் உடனே சொல்லுங்கள்.

அவர்களைக் கேட்டுக்கொண்டு, 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வையுங்கள். இழுக்கக் கூடாது, தூக்கி நகர்த்துங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள். குதிகால் படுக்கையில் படாது. ஈரத்துணியை உடனே மாற்றுங்கள்.

வீடு திரும்பிய பிறகும் விட்டுவிடாதீர்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய் ஆதரவுச் சேவை வீட்டுக்கே வரும், கேட்டுப் பெறுங்கள்.

புரட்டிவிடச் சில நிமிடம். புண் ஆற மாதக்கணக்கு!