எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்?



மலத்தோடு இரத்தம் போனால், வெள்ளிமலையானாலும் கள்ளக்குறிச்சியானாலும், முதலில் வாயில் வரும் சொல் "மூலம்". களிம்பும் சூரணமுமாக மாதங்கள் ஓடிவிடும். அவர்களில் சிலருக்கு இருப்பது மலக்குடல் புற்றுநோய். ஆசனவாயில் விரல் விட்டுப் பார்க்கும் ஒரு நிமிடச் சோதனையிலேயே பல கட்டிகள் தட்டுப்படும். கூச்சம்தான் தடுக்கிறது.

நோய் உறுதியானதும் செலவு எவ்வளவு, எத்தனை நாள் தங்கணும், பிழைச்சுக்குவாரா என்று வீட்டார் கேட்கிறார்கள். இன்னொன்றையும் கேட்க வேண்டும்: "ஐயா, இந்த ஆபரேஷனை இங்கே வருஷத்துக்கு எத்தனை பேருக்குச் செய்யுறீங்க?" மரியாதைக் குறைவு என்று எண்ணி விட்டுவிடுகிறோம். இதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

மலக்குடல் இருப்பது இடுப்பெலும்புக்குள், கை நுழையவே சிரமப்படும் குறுகலான இடத்தில். அதைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை. நோய் பெரும்பாலும் முதலில் பரவுவது அந்த உறைக்குள் இருக்கும் நிணநீர்க் கணுக்களுக்கு. ஆகவே உறை எங்கும் கிழியாமல், குடலோடு சேர்த்து முழுசாக எடுக்க வேண்டும். ஒட்டியபடியே ஓடும் நரம்புகள் அறுந்தால் சிறுநீர் கழிப்பதும் தாம்பத்தியமும் பாதிக்கப்படும். இந்த முறையை 1982-இல் எழுதி உலகறியச் செய்தவர் அறுவை மருத்துவர் பில் ஹீல்ட். அவர் வேலை பார்த்தது லண்டனில் அல்ல, பேசிங்ஸ்டோக் என்ற நடுத்தர ஊரின் மருத்துவமனையில். ஊர் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. அதே கைகள் அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்திருக்க வேண்டும்.

நார்வே நாட்டில் இதை எண்ணிப் பார்த்தார்கள். ஆண்டுக்கு 30 அல்லது அதற்கு மேல் செய்த மருத்துவமனைகளில், ஐந்தாண்டுக்குள் அதே இடத்தில் நோய் திரும்பியது நூற்றுக்கு ஏறக்குறைய 9 பேருக்கு. 10-க்கும் குறைவாகச் செய்த இடங்களில் 17, 18 பேருக்கு. இங்கிலாந்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், ஒரு மருத்துவமனை ஆண்டுக்குக் குறைந்தது 10, ஓர் அறுவை மருத்துவர் குறைந்தது 5 செய்ய வேண்டும் என்கிறது.

நம் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்தது 2019-இல். சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது 2022-இல். இரண்டும் புதியவை. நெடுங்காலமாகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துவரும் இடங்கள் என்றால் புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி., 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு மருத்துவமனை. முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் குடும்பத்துக்கு அந்த அட்டை மட்டும் போதாது. துணைக்கு வருபவரின் கூலி போகும், ஆடுமாட்டைப் பார்க்க ஆள் வேண்டும், பேருந்துக்குக் காசு வேண்டும். கரண்ட் வைப்பது, அதாவது கதிர்வீச்சு, வழக்கமாக வாரத்துக்கு ஐந்து நாளாக 25 நாள், ஐந்து வாரம். ஐந்தே நாளில் முடியும் முறையும் இருக்கிறது. சிலருக்கு அது பொருந்தும். மலையிலிருந்து வருகிறோம் என்று சொன்னால்தான் மருத்துவர் அதை யோசிப்பார். தயங்காமல் சொல்லுங்கள்.

தூரம் போக வேண்டியது அறுவைக்குத்தான், எல்லாவற்றுக்கும் அல்ல என்பது என் கருத்து. விரல் சோதனையை மலையிலேயே செய்யலாம். அறுவைக்குப் பின் மலம் சேர வயிற்றில் பை வைத்து அனுப்பினால், அதைக் கழற்றி மாட்ட, சுற்றியுள்ள தோல் புண்ணாகாமல் பார்த்துக்கொள்ளக் கற்றுத்தர ஒரு செவிலியர் போதும். அவர் மலையேறி வரவேண்டியவர் அல்ல; மலையிலேயே இருக்க வேண்டியவர்.