பள்ளிகளும் புதிய கருவிகளும்



பள்ளிகளுக்குப் புதிய கருவிகளை அளிப்பதில் மத்திய அரசின் நிறுவனங்கள் ஆற்றிய பணி சிறிதன்று. 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்கா இரவலாகத் தந்த செயற்கைக்கோளின் துணையால், ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் காட்டப்பெற்றன. காலையில் பள்ளிச் சிறுவரும் மாலையில் பெரியோரும் கண்டு பயன்பெற்றனர். பெட்டிகளை நிறுவியதோடு நில்லாது, அவற்றைப் பேணும் பொறுப்பையும் இஸ்ரோ மேற்கொண்டது. இதனை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகிறேன்.

2004ஆம் ஆண்டு கல்விக்கெனவே எடுசாட் என்னும் செயற்கைக்கோள் ஏவப்பெற்றது. அவ்வாண்டின் இறுதியிலேயே பள்ளிகளுக்குக் கணினி வழங்கும் மத்தியத் திட்டமும் பிறந்தது. 2017இல் தீக்ஷா என்னும் இணையத்தளம் தோன்றியது. பாடநூலில் அச்சிட்ட கியூ.ஆர். குறியீட்டைக் கைப்பேசியாற் படித்தால், அப்பாடத்தை விளக்கும் காட்சி கண்முன் விரிகின்றது.

இவை யாவும் போற்றத்தக்கனவே. எனினும் ஒரு வினா எழுகின்றது. 2018இல் தொடங்கிய சமக்ர சிக்ஷா திட்டத்தில், ஒரு பள்ளியின் கணினிக் கூடத்திற்கு முதற்செலவாக 6 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் வரையும், ஆண்டுச் செலவாக 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் வரை ஐந்தாண்டுகளுக்கும் இடம் தரப்பட்டது. ஆறாம் ஆண்டில் பழுது நேர்ந்தால் பார்ப்பவர் யார்?

நான் தலைமையாசிரியனாக இருந்த ஒரு பள்ளியில், முந்திய திட்டமொன்றின் கீழ் வந்த கணினிகள், காலவரை முடிந்தபின் மின்கலம் செயலிழந்தமையால் ஓராண்டுக்கு மேல் துணி போர்த்துக் கிடந்தன. அவ்வாண்டு பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் அவற்றைத் தொடாமலே வெளியேறினர். வீட்டிற் கணினி உள்ள பிள்ளைக்கு இது பேரிழப்பன்று. இல்லாத பிள்ளைக்கோ பள்ளிதான் ஒரே வாயில், அவ்வாயில் அடைபட்டது.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். ஏரியைப் பேண ஏரி வாரியம் இருந்ததை உத்திரமேரூர்க் கல்வெட்டு உரைக்கின்றது. ஏரிப்பட்டி என நிலம் ஒதுக்கி, அதன் வருவாயால் ஏரியைப் பேணினர். வெட்டியவன் புகழோடு ஏரியின் வாழ்வு முடிந்துவிடலாகாது என்பதே அவர் கருத்து.

கருவிக்கும் அத்தகைய ஏற்பாடு வேண்டும். வட்டாரந்தோறும் பழுதுபார்க்கும் பணியாளர் ஒருவர், தலைமையாசிரியர் தாமே செலவிடத்தக்க சிறு தொகை, ஆசிரியர்க்கு ஆண்டுதோறும் பயிற்சி ஆகிய மூன்றும் காலவரையின்றி அமைதல் வேண்டும். பெற்றோரும், பள்ளிக்கு எத்தனை கணினிகள் வந்தன என்று கேட்பதோடு அமையாது, இன்று எத்தனை இயங்குகின்றன என்றும் கேட்பாராக.