பேரில்லாத இரும்பை வாங்காதீங்க

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



இரும்புத் தகடு பற்றிப் பேசப் போறேன்னு சொன்னதும் சில பேர் சிரிச்சீங்க. "அது ஆம்பளைங்க விஷயம், பட்டறைக்காரர் பாத்துக்குவார்"னு நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனா கடன் நம்ம பேர்ல, தவணை கட்டுறது நாம, அந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்யறதும் நாம. அப்போ அந்த இரும்பு என்ன இரும்புன்னு நமக்குத் தெரிய வேண்டாமா?

எங்க குழுவுக்கு மிளகாய், மல்லி அரைச்சு விக்கிறது தொழில். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தப்போ புதுக்கோட்டை மாவட்டத்தில எத்தனையோ கூரை பறந்த மாதிரி எங்க ஷெட்டும் போயிடுச்சு. தகரம் மட்டும் போகலை. தூணே அடியோடு பிடுங்கிக்கிட்டு வந்தது. காத்து பக்கத்தில இருந்து மட்டும் தள்ளாது, கூரையை மேலே தூக்கும். அப்போ தூணைத் தரையோட பிடிச்சு வைக்கிறது அடியில இருக்கிற பேஸ் பிளேட்டும் அதோட போல்ட்டும்தான். தரை போட்ட பிறகு அந்த பிளேட்டை யாரும் பார்க்க முடியாது. அதனாலதான் அதுல ஏமாத்துறது சுலபம்.

வலு குறைந்த இரும்பா?

திரும்ப ஷெட் போடப் போனோம். "இது வலு கம்மி இரும்பும்மா, அதிக கிரேடு எடுங்க, விலை கொஞ்சம் கூட ஆகும்" என்று கடையில் சொன்னாங்க. எங்களுக்குப் பயம் வந்துடுச்சு. ஒன்றிய அலுவலகத்து ஓவர்சியர் சாரிடம் போய்க் கேட்டோம். அவர் பொறுமையாகச் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

கட்டுமானத்துக்கு நம்ம நாட்டில் சாதாரணமாக வாங்குகிற பிளேட் ஐ.எஸ். 2062 தரத்தில் வருகிற 'இ 250' கிரேடு. மைல்டு ஸ்டீல், எம்.எஸ். பிளேட் என்றெல்லாம் கேட்டால் கடையில் கொடுப்பது பெரும்பாலும் இதைத்தான். 250 என்பது அதன் வலு. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன். நம்ம கணக்கில் ஏறக்குறைய 25 கிலோ. ஒரு செ.மீ. அகலம், 10 மி.மீ. தடிமன் உள்ள பட்டையில் இரண்டரை டன் தொங்கினால்தான் அது திரும்பாத அளவுக்கு நீள ஆரம்பிக்கும். கணக்குப் போடுகிற பொறியாளர் இதைவிடக் குறைவாகத்தான் பாரம் ஏற்றுவார்.

வீட்டுக் கம்பி வாங்கும்போது 'எஃப்.இ. 500' என்று கேட்கிறோம். அதில் 500, இதில் 250. பார்த்தால் பாதிதான். அதனால் இது மட்டமான சரக்கு என்று நினைக்கக் கூடாது. இதில் கரி குறைவு. 100 கிலோ இரும்பில் கால் கிலோகூட இருக்காது. கரி குறைந்தால் இரும்பு மெதுவாக இருக்கும், வெல்டிங் நன்றாகப் பிடிக்கும், வெல்டு வைத்த இடத்தில் வெடிக்காது. நம்ம ஊர் ஆசாரி லாரிப் பட்டையில் அரிவாள் அடிப்பார், பார்த்திருப்பீங்க. அதில் கரி அதிகம். நல்லா வெட்டும், ஆனால் மடக்கினால் ஒடியும். தூணுக்கு அடியில் அது ஆகாது. மைல்டு ஸ்டீல் அறுவதற்கு முன்னால் நூற்றுக்கு 23 பங்காவது நீளும். வளைந்து, கோணி, நமக்கு எச்சரிக்கை கொடுக்கும். ஓடித் தப்பிக்க நேரம் கிடைக்கும்.

தொய்யாமல் இருக்கத் தடிமன்தான் வேண்டும்

இன்னொரு விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. விலை கூடின கிரேடு வாங்கினால் பிளேட் தொய்யாது என்று நினைப்போம். அப்படி இல்லை. ஒரே தடிமன் என்றால் எல்லா கிரேடும் ஒரே பாரத்துக்கு ஏறக்குறைய ஒரே அளவுதான் தொய்யும். தொய்வைக் குறைப்பது தடிமன். 5 மி.மீ. பிளேட்டுக்குப் பதில் 6 மி.மீ. போட்டால் எடை ஐந்தில் ஒரு பங்கு கூடும், ஆனால் விறைப்பு ஒன்றே முக்கால் மடங்கு ஆகும். படிக்கும் மேடைக்கும் போடுகிற புள்ளி வைத்த செக்கர் பிளேட்டுக்கும் இதே கணக்கு. ஆகவே நம்மைப் போன்றவர்களின் ஷெட்டுக்கு சாதாரண கிரேடு போதும், தடிமனில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. எத்தனை மி.மீ. என்பதைப் பொறியாளரிடம் எழுதி வாங்குங்கள். பக்கத்து ஷெட்டைப் பார்த்து நாமே முடிவு செய்யக் கூடாது.

மிளகாய்த் தராசு சொன்ன உண்மை

எங்களுக்கு 12 பேஸ் பிளேட். ஒவ்வொன்றும் 30 செ.மீ.க்கு 30 செ.மீ., 10 மி.மீ. தடிமன் என்று எழுதிக் கொடுத்தார்கள். சரக்கு வந்து இறங்கியது. பில்லில் 85 கிலோ. பார்க்க நல்லாத்தான் இருந்தது. எங்க குழுவில் ஒரு அக்கா, எட்டாவது வரை படித்தவர், "நிறுத்துப் பார்ப்போமே" என்றார். மிளகாய் நிறுக்கிற தராசில் வைத்தோம். ஒரு பிளேட் 5 கிலோ 650 கிராம்தான் இருந்தது.

கணக்கு இதுதான், எழுதிக்கொள்ளுங்கள்: நீளம் மீட்டரில், அகலம் மீட்டரில், தடிமன் மி.மீ.யில். மூன்றையும் பெருக்கி 7.85-ஆல் பெருக்கினால் கிலோ வரும். 0.3 × 0.3 × 10 × 7.85 என்றால் 7 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். எங்களுக்கு வந்தது 8 மி.மீ. பிளேட்! 85 கிலோவுக்குப் பணம், 68 கிலோ சரக்கு. 17 கிலோ பணம் போவது ஒரு பக்கம். 10-க்கு 8 ஆனால் வளைவைத் தாங்கும் வலு நூற்றுக்கு 64 ஆகிவிடும், அதுதான் பெரிய நஷ்டம். அடுத்த புயலில் யார் தலையில் விழும்?

கேட்டதற்கு "ரோலிங்கில வித்தியாசம் வரும்மா" என்றார்கள். வரும், உண்மைதான். ஆனால் கொஞ்சம்தான் வரும். 10 மி.மீ. 8 ஆக வராது. திருப்பி அனுப்பினோம். நாலு நாள் வேலை நின்றது. மாற்றிக் கொடுத்தார்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலாவது, பேர். பிளேட்டில் ஐ.எஸ். 2062, கிரேடு, ஹீட் நம்பர், ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா பாருங்கள். முழு பிளேட்டாக இருக்கும்போதே பாருங்கள், வெட்டின பிறகு எழுத்து எந்தத் துண்டில் போனது என்று தெரியாது. மில் டெஸ்ட் சர்ட்டிஃபிகேட் நகல் கேளுங்கள். அதில் உள்ள ஹீட் நம்பரும் பிளேட்டில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். முத்திரையோடு இருக்கிற உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டுப் பார்க்கலாம். நம்ம பிள்ளைகளே பார்த்துச் சொல்லிவிடும்.

இரண்டாவது, பழைய சரக்கு. உடைத்த கப்பலின் தகடு, பழைய பிளேட் மலிவாகக் கிடைக்கும். எல்லாமே கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது என்ன கிரேடு என்று விற்கிறவருக்கே தெரியாது. கேட்டுக்கும் வேலிக்கும் வைத்துக்கொள்ளலாம். தூணுக்கும் கூரைக்கும் வேண்டாம்.

மூன்றாவது, அளவு. 'கேஜ்' கணக்கில் பேசினால் மி.மீ.யில் கேளுங்கள். கேஜ் எண் கூடினால் தகடு மெலிசு: 10 கேஜ் மூன்றே கால் மி.மீ., 16 கேஜ் வெறும் 1.6 மி.மீ. எட்டுக்கு நாலு அடி பிளேட், 6 மி.மீ. என்றால் சுமார் 140 கிலோ, 5 மி.மீ. என்றால் சுமார் 117 கிலோ. எடை மேடைச் சீட்டு இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

நான்காவது, துரு. மேலே இருக்கிற செதிலையும் துருவையும் தேய்த்து எடுத்துவிட்டு பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். மாட்டுக் கொட்டகை, உப்புக் காத்து உள்ள இடம் என்றால் இன்னும் கவனம். 6 மி.மீ. பிளேட்டில் ஒரு மி.மீ. துரு தின்றால் ஆறில் ஒரு பங்கு போச்சு.

சகோதரிகளே, கந்து வட்டிக்காரரிடம் பயந்த நாம் இன்று பேங்க் மேனேஜரிடம் நேராகப் பேசுகிறோம். இரும்புக் கடையில் மட்டும் ஏன் வாய் மூடி நிற்க வேண்டும்? கட்டிடம் கட்டப் போகிற குழு தீர்மான நோட்டில் நாலு வரி எழுதுங்கள்: என்ன கிரேடு, எத்தனை மி.மீ., எத்தனை கிலோ, சரக்கு வந்ததும் நிறுக்கப் போகும் இரண்டு உறுப்பினர்கள் யார். கான்கிரீட் போடுவதற்கு முன்னால் நிறுங்கள். போட்ட பிறகு தராசுக்கு வேலை இல்லை.