வலது ஓரத்து வீரர், இடது மூலையில்



2003 நவம்பர் 22. சிட்னி நகரில் ரக்பி உலகக் கோப்பை இறுதிப் போட்டி. இங்கிலாந்து 20, ஆஸ்திரேலியா 17. கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் இங்கிலாந்தின் ஜானி வில்கின்சன் உதைத்த பந்தை உலகம் இன்றும் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும். ஆனால் அன்று இங்கிலாந்து போட்ட ஒரே ‘ட்ரை’ யாருடையது? ஜேசன் ராபின்சனுடையது! வலது ஓரத்தில் ஆட நிறுத்தப்பட்டவர், இடது மூலையில் சறுக்கிக்கொண்டே போய்ப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் ஊன்றினார். வலப்பக்கத்துக்காரருக்கு அங்கே என்ன வேலை?

அவர் லீட்ஸ் நகரத்துப் பிள்ளை. ஆடிப் பழகியது 13 பேர் ஆடும் ரக்பி லீக். அது பிறந்த கதையைக் கேளுங்கள். வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளியும் சுரங்கத் தொழிலாளியும் ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். இழந்த கூலியை ஈடுகட்டக் கேட்டார்கள், ரக்பியை நடத்திய மேலிடம் மறுத்தது. 1895-இல் ஹட்டர்ஸ்ஃபீல்டில் கூடி, வடக்கத்திக் கழகங்கள் தனியே பிரிந்தன. அன்று முதல் நூறாண்டுக் காலம், லீகில் கால் வைத்தவனுக்கு 15 பேர் ஆடும் யூனியனில் இடமில்லை. உழைப்பவன் கூலி கேட்டது குற்றமா? நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

1995-இல் யூனியனும் ஊதியத்தை ஏற்றது. 2000-இல் ராபின்சன் விகன் கழகத்தை விட்டு சேல் கழகத்துக்கு வந்தார். உயரம் 5 அடி 8 அங்குலம்தான். ஆனால் அந்தப் பாதங்கள்! எதிராளியின் முன் ஒரு கணம் தயங்குவதுபோல் காட்டி, அவன் எடை ஒரு காலில் சாய்ந்ததும் மறுபக்கம் பாய்ந்துவிடும். 2001-இல் பிரிஸ்பேனில், பிரிட்டன், அயர்லாந்து வீரர்களின் கூட்டணியான லயன்ஸ் அணிக்காக, கோட்டோரத்துக் குறுகல் இடத்தில் ஆஸ்திரேலியாவின் கிறிஸ் லேத்தமை அப்படித்தான் கடந்தார். ஆட்டம் தொடங்கி மூன்றாம் நிமிடம்!

ஓரத்தில் விங்காக ஆடினார், கடைசிக் காவலான ஃபுல்பேக்காக ஆடினார், தேவைப்பட்டபோது நடுவே சென்டரிலும் ஆடினார். லீகில் ஓரத்து ஆட்டக்காரரும் தம் எல்லையிலிருந்து பந்தைச் சுமந்து நடுக்களத்துக்கு வந்து மோத வேண்டும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர், பந்து தன்னைத் தேடி வரட்டும் என்று ஓரத்தில் காத்திருப்பாரா? சிட்னியில் இடது மூலைக்கு அவரைக் கொண்டுபோனது அந்தத் தொழிலாளர் ஆட்டம் தந்த பயிற்சிதான்.

அடுத்த ஆண்டு, 2004-இல், ட்விக்கன்ஹாம் திடலில் இங்கிலாந்து யூனியன் அணியின் தலைவராக அவர் இறங்கினார். லீகிலிருந்து வந்த ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்றது அதுவே முதல் முறை. எதிரணி கனடா. தலைவரே மூன்று ட்ரை போட்டார்!